மற்றவரின் வாயால் எழுதச் சொன்னேன்

எங்கள் பகுதி ஆசிரியர்கள் ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டு இளம் ஆசிரியைகள் இருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளிடமிருந்து நல்ல ஆக்கங்களைப் பெறுவது எப்படி என்று தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்.

"பத்து டிப்ஸ் மாதிரித் தந்தாலும் போதும் மிஸ். வாட்ஸ்அப்பிலயும் போடலாம்" என்றாள் ஒருத்தி.

மற்றவள் கொஞ்சம் தயங்கினாள். "இப்ப புள்ளையள் போன்லதான் கட்டுரை எடுக்காங்க மிஸ். கேட்ட உடனே எழுதித் தருது. இனி இந்த எழுத்துப் பயிற்சியெல்லாம் என்னத்துக்கு எண்டும் ரெண்டு வரி எழுதுங்க."

பத்து டிப்ஸ் என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். கல்முனைக்குடியில் இன்றைக்கும் என்னைக் கண்டால், "காக்காவையும் தம்பியையும் மூட்டிவிட்ட மிஸ்" என்று காதுபடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அண்ணனுக்கும் தம்பிக்கும் நான் சண்டை மூட்டிவிட்டேனாம். அந்தக் கதையை ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டார்கள். நான் மட்டும்தான் சொல்லவில்லை. ஆகவே கேட்டதை விட்டுவிட்டு அதைத் தருகிறேன். எழுத்துப் பயிற்சி என்னத்துக்கு என்றால், இதற்குத்தான். மலர்க்குழு வெட்டினால் வெட்டட்டும்.

நான் தமிழ் படிப்பித்தவள். பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த கட்டுரைக்கு முன்னுரை, உடல், முடிவுரை, இடையில் இரண்டு மேற்கோள். 'நான் ஒரு குடை' என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் ஒரே குடையாகத்தான் இருந்தார்கள். எல்லாக் குடையும் ஒரு தொழிற்சாலையில் பிறந்தது, ஒரு கடையில் தொங்கியது, கடைசியில் கம்பி உடைந்து குப்பைமேட்டில் கிடந்து கண்ணீர் வடித்தது. அந்தக் குடைகளை வருடக்கணக்காகச் சிவப்புப் பேனையால் திருத்தினேன். ஆசிரிய ஆலோசகராக நியமனம் வந்தபோது, அதாவது மற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் வேலை கிடைத்தபோது, எனக்குள் ஒரு கேள்வி மட்டும்தான் மிச்சமிருந்தது. இந்தக் குடைகளைப் படிப்பிக்கிற நாங்கள் யாராவது சொந்தமாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறோமா?

எந்தக் கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்று சொல்லப் போவதில்லை. கடற்கரையோரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள் பாடசாலைகளிலிருந்து தமிழ் ஆசிரியர்கள் வருவார்கள். மேல்மாடியில் ஒரு மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், பாதிக் காற்று அடிக்கும் மின்விசிறிகள். எனக்கு முன்னர் இருந்தவர்கள் அங்கே விரிவுரை செய்தார்கள். நான் முதல் நாளே எல்லோருக்கும் வெள்ளைக் கடதாசி கொடுத்தேன்.

"குறிப்பெடுக்கவா மிஸ்?" என்று கேட்டார்கள்.

"இல்ல. நீங்க எழுதப் போறீங்க. நானும் எழுதப் போறன்."

என் முறை இதுதான். எழுதச் சொல்கிறவர் தானும் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் முதலில் தன்னுடையதை வாசிக்க வேண்டும். அது மோசமாக இருந்தால் இன்னும் நல்லது. மற்றவர்களுக்குத் தைரியம் வரும். எழுதத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லும்வரை பேனை கடதாசியை விட்டு எழும்பக்கூடாது. ஒன்றும் வராவிட்டால் 'ஒன்றும் வரவில்லை' என்றே எழுதிக்கொண்டு போகலாம். இரண்டு மூன்று வரியில் அது அலுத்து வேறு ஏதாவது வந்துவிடும். எழுத்துப்பிழையை அன்றைக்குப் பார்ப்பதில்லை. முடிந்ததும் முதல் பந்தியை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு இரண்டாம் பந்தியிலிருந்து வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் அங்கேதான் ஆள் வாய் திறந்திருப்பார். முதல் பந்தி தொண்டையைச் செருமுவது. கேட்கிறவர்கள் 'நல்லம்', 'அருமை' என்று சொல்லக்கூடாது. எது கண்ணுக்குத் தெரிந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் மஹ்ரூப் சேருக்குப் பிடிக்கவில்லை.

மஹ்ரூப் சேர் என்னைவிட மூத்த தமிழ் ஆசிரியர். ஊரில் கவியரங்கு என்றால் அவர் இல்லாமல் நடக்காது. குரல் அப்படி. மாலை வகுப்புக்கு அவரிடம் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பரீட்சைக்கு அவர் எழுதிக் கொடுத்த மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து எத்தனையோ பேர் திறமைச் சித்தி எடுத்தார்கள். அவர் என் மண்டபத்துக்கு வந்ததே, இந்த மனிசி என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான்.

முதல் மாதம், வீட்டில் உள்ள ஒரு கதவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். அவர் எழுந்து நின்று வாசித்தார். "கதவே! காலத்தின் மௌன சாட்சியே! மனித வாழ்வின் வரவையும் செலவையும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மரமே!" மண்டபம் கைதட்டத் தயாராகிவிட்டது.

பாண்டிருப்பிலிருந்து வரும் சிவமலர் டீச்சர் கையை உயர்த்தினார். விதியை விதியாகவே எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். "சேர், எந்தக் கதவு? முன் கதவா, குசினிக் கதவா?"

"கதவு எண்டா கதவுதான் டீச்சர்."

"இல்ல சேர், எனக்குக் கதவு தெரியல்ல. அதான் கேட்டன்."

சிரிப்பு எழுந்தது. மஹ்ரூப் சேர் சிரிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, "கதவுக்கு நிறம் சொல்லுறதுதான் இலக்கியமா மிஸ்?" என்று கேட்டார்.

"நிறம் வேணாம் சேர். ஒங்கட வீட்டுக் கதவு தொறக்கக்குள்ள எங்க இடிக்கும் எண்டு சொல்லுங்க, போதும்."

அவர் எழுதிய அந்தப் பக்கத்தை இன்றைக்கு எந்தப் போனும் எழுதித் தரும். அன்றைக்கு எங்களுக்குப் போன் தேவைப்படவில்லை, மஹ்ரூப் சேரே போதும். எங்கள் மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களும் போதும். யாருடைய கதவும் அல்லாத கதவை எழுதுவதில் எங்களுக்கு எப்போதும் குறைவிருந்ததில்லை. அதனால்தான் போன் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று இப்போது புலம்புகிறவர்களோடு சேர்ந்து நான் புலம்பவில்லை.

ஆனாலும் அவர் அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். வராமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது மாதம் நான் கொடுத்த பயிற்சி இது. உங்களுக்கு ஒருவரோடு நடந்த ஒரு சண்டையை எழுதுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து, எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்து எழுதுங்கள். தேநீருக்குப் பிறகு அதே சண்டையை மற்றவரின் வாயால் எழுத வேண்டும். அவருடைய வாயில் அவர் சொல்லாத பாஷை வரக்கூடாது. அவரை மடையர் ஆக்கக்கூடாது. எழுதி முடிக்கும்போது, அவர் வந்து இதை வாசித்தால் 'ஓம், நான் இதைத்தான் சொல்ல இருந்தேன்' என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் மீன்காரரோடு பாரை மீனுக்காகப் பிடித்த சண்டையை எழுதினேன். அவருடைய வாயால் எழுதும்போது, வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த ஒருவரின் மீனை நான் செவிளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது எனக்கே எரிச்சலாக இருந்தது. அதை முதலில் வாசித்தேன். எல்லோரும் மீன்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு மஹ்ரூப் சேர். முதலில் எழுதியதை அவர் உரத்த குரலில் வாசித்தார். சண்டை அவருடைய தம்பி கலீலோடு. வாப்பா விட்டுப்போன வயல் இருவருக்கும் பிரிந்திருந்தது. மேல்காணி மஹ்ரூப் சேருக்கு, கீழ்க்காணி கலீலுக்கு. வாய்க்கால் தண்ணீர் மேல்காணி வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். சேர் தன்னுடைய காணியைக் குத்தகைக்கு விட்டிருந்தார். குத்தகைக்காரர் சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்ததும் வரம்பை அடைத்துவிட்டார். கலீல் பட்டப்பகலில் மண்வெட்டியோடு வந்து வரம்பை வெட்டித் தண்ணீரை இறக்கினார். "பேராசை பிடித்த உடன்பிறப்பே! வரம்பை அல்லவா வெட்டினாய், உறவையே வெட்டினாய்!" என்று முடித்திருந்தார். இந்த வழக்கு ஏற்கனவே மத்தியஸ்தக் குழுவுக்குப் போயிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது பக்கத்தை எழுத அவருக்கு நேரமெடுத்தது. பேனையை நிறுத்தக்கூடாது என்ற விதியை மீறி நெடுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை. வாசிக்கும்போது எழுந்து நிற்கவும் இல்லை. இருந்தபடியே வாசித்தார், கவியரங்குக் குரல் வரவில்லை.

"காக்கா படிச்சாரு. நான் வாப்பாவோட வயலுக்குப் போனன். அதுல எனக்குக் கோவம் இல்ல. ஆரோ ஒராள் போகத்தானே வேணும். காக்கா கலாசாலைக்குப் போற அண்டைக்கு அவர்ர பெட்டிய நாந்தான் பஸ்ஸுக்குத் தூக்கிக்கிட்டுப் போனன். பஸ் போயிட்டு. நான் வீட்ட போகல்ல. கடற்கரையில போய்க் குந்தி இரிந்தன். வாப்பா மௌத்தாகுற முன்னுக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாரு, காணி ரெண்டு, தண்ணி ஒண்டு எண்டு. காக்காவும் கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தாரு. இப்ப அவருக்கு மறந்திட்டு. நான் வரம்ப வெட்டல்ல. வாப்பா சொன்னத்தத் தொறந்து விட்டன்."

'நல்லம்' என்று சொல்லக்கூடாது என்ற விதி அன்றைக்குத் தேவைப்படவில்லை.

சிவமலர் டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார். "பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போற ஆளத் தெரியுது சேர். முகமும் தெரியுது."

பின்வரிசையில் ஒரு ஆசிரியர் சும்மா இருக்காமல், "அப்ப தம்பிட பக்கம்தான் ஞாயம் போல சேர்" என்றார்.

மஹ்ரூப் சேர் கடதாசியைக் கதிரையில் வைத்துவிட்டு, "இது பயிற்சி" என்றார். "பயிற்சி வேற, ஞாயம் வேற." ளுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. எழுந்து பள்ளிக்குப் போனார்.

அந்த இடைவெளியில் யாரோ அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. 'மஹ்ரூப் சேர் எப்படி எழுதியிருக்கார் பாருங்க' என்று எழுதி, அழுகிற மஞ்சள் முகம் ஒன்றும் போட்டு, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து அது ஊருக்குப் போனது. இரண்டொரு நாளில் கலீலின் மனைவியின் குடும்பத்தார் கைக்கு வந்துவிட்டது. அவர்கள் அதைக் கடையில் கொடுத்து அச்செடுத்தார்கள். காக்காவே தன் கைப்பட ஒத்துக்கொண்டுவிட்டார் என்று மத்தியஸ்தக் குழுவில் கொடுத்தார்கள்.

மஹ்ரூப் சேர் நேரே எங்கள் கல்விப் பணிப்பாளரிடம் போனார். என்மீது எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார்.

பணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் என்னை 'மிஸ்' என்பார். கோபமாக இருந்தால் 'தங்கச்சி' என்பார். உள்ளே போனதும் இருக்கச் சொல்லி, இஞ்சிபோட்ட தேத்தண்ணி வரவழைத்து, மேசையிலிருக்கும் தட்டை எங்கள் பக்கம் தள்ளி, வீட்டிலுள்ளவர்களின் சுகத்தை ஒவ்வொருவராக விசாரிப்பார். அவசரம் காட்டமாட்டார். ஒருவரைத் தூரப் பாடசாலைக்கு மாற்றுகிற நாளில் அந்தத் தட்டில் தேங்காய்ப்பால் இனிப்பான தொதல் இருக்கும் என்று கந்தோரில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்குத் தட்டில் பிஸ்கட்தான் இருந்தது.

"வாங்க தங்கச்சி, இரிங்க. உம்மாட கால் வருத்தம் எப்பிடி?"

"சுகம் சேர்."

"அல்ஹம்துலில்லாஹ்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மஹ்ரூப் சேர் பேரு உள்ள ஆள். அவரக் கூப்பிட்டு வெச்சுக் குடும்பச் சண்டைய எழுதச் சொல்லுறதும் ஒரு பாடமா?"

"நான் குடும்பச் சண்டை எண்டு சொல்லல்ல சேர். ஒரு சண்டை எண்டுதான் சொன்னன். நான் மீன்காரரோட சண்ட புடிச்சத்த எழுதினன்."

"அவரு ஏன் தம்பிய எழுதினாரு?"

"அத அவர்ரட்டத்தான் கேக்கணும்."

அவர் பிஸ்கட் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். அவருக்கு இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஒன்று, மஹ்ரூப் சேருக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மற்றது, இந்தப் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, பரீட்சைக்கு முன்னர் எல்லாப் பாடசாலைகளுக்கும் கொடுக்க மாதிரிக் கட்டுரைகளைத் தொகுத்துத் தர வேண்டும். "பெறுபேறு வேணும் தங்கச்சி. மேல இரிந்து கேக்குறாங்க. புள்ளையளுக்கு எழுத்தாளராக நேரமில்ல."

"எழுத்தாளராக ஆரும் வேணாம் சேர். தான் கண்டதத் தானே சொல்ல ஏலாத புள்ள பாஸாகி என்ன செய்யும்?"

"அப்ப எழுதித் தர மாட்டீங்க?"

"மன்னிப்புக் கடிதம் எழுத ஏலா சேர். நான் பிழை செய்யல்ல. மாதிரிக் கட்டுரையும் எழுத ஏலா. அது புள்ளையளுக்குச் செய்யுற பிழை."

அவர் கோபப்படவில்லை. "யோசிங்க. யோசிச்சுப்போட்டு வாங்க" என்றார். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டு, தேத்தண்ணியையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். பயந்து ஓடியதாக யாரும் சொல்லக்கூடாது.

படியிறங்கும்போது என்னைச் சுட்டது முறைப்பாடு அல்ல. அச்செடுத்த அந்தப் பக்கம்தான். ஒருவர் தன் தம்பியின் வாயில் புகுந்து எழுதியதை, அவருடைய கழுத்தைப் பிடிக்கிற கயிறாக்கியிருந்தார்கள். இது நடக்கலாம் என்றால் இனி எந்த ஆசிரியர் மனம் திறந்து ஒரு வரி எழுதுவார்? எந்தப் பிள்ளை எழுதும்?

மத்தியஸ்தக் குழு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடும். நான் அங்கே போகப் போகிறேன் என்றதும் சிவமலர் டீச்சர் தலையில் கையை வைத்தார். "நீங்க ஏன் டீச்சர் அங்க? அவரு ஒங்கட மேல முறைப்பாடு செஞ்ச மனிசன்."

"அது வேற, இது வேற."

"அப்ப நானும் வாறன்" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

மூன்று பேர் இருந்தார்கள். தலைவர், கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் ஒரு பக்கம் மஹ்ரூப் சேர், மறு பக்கம் கலீலும் மனைவியின் சகோதரர்களும். கலீலை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். வெயிலில் கறுத்த மெலிந்த ஆள். தொப்பியைக் கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மஹ்ரூப் சேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கலீலின் மைத்துனர் அச்செடுத்த கடதாசியை மேசையில் வைத்தார். "இது காக்காட கையெழுத்து. வாப்பா தண்ணி பொது எண்டு சொன்னத்த அவரே எழுதியிரிக்காரு. இனி என்ன விசாரணை?"

தலைவர் வாசித்தார். நான் பேச அனுமதி கேட்டேன். நான் யார் என்று சொன்னேன்.

"இந்தப் பக்கத்த எழுதச் சொன்னது நான். மற்றவர்ர வாயால எழுதணும் எண்டதுதான் பயிற்சி. இதுல வாற 'நான்' மஹ்ரூப் சேர் இல்ல. இத வெச்சு அவரப் புடிக்க ஏலா. கள்ளன்ட வாயால ஒராள் கதை எழுதினா அவரக் கள்ளன் எண்டு உள்ளுக்குப் போடுவீங்களா?"

"அப்ப இதுல இரிக்குறது பொய்யா?" என்றார் மைத்துனர்.

"பொய்யா மெய்யா எண்டு எனக்குத் தெரியா. வாப்பா என்ன சொன்னாரு எண்டு தெரியணுமெண்டா ஆளிட்ட கேளுங்க. கடதாசியிட்டக் கேக்காதீங்க."

தலைவர் கடதாசியை மடித்து ஒரு பக்கம் வைத்தார். "மிஸ் சொல்லுறது சரி. இத நான் எடுக்க மாட்டன்."

மைத்துனர்மார் சத்தம் போட்டார்கள். அப்போதுதான் கலீல் எழுந்தார். அவர் தலைவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் காக்காவைப் பார்த்து நின்றார்.

"காக்கா, நான் கடற்கரைக்குப் போகல்ல" என்றார். "வயலுக்குத்தான் போனன். காவல் வாடியில படுத்துக் கெடந்தன். ஆனா வீட்ட போகல்ல எண்டது மெய். நான் இத ஆருக்கும் சொல்லல்ல. பொண்டாட்டிக்கும் சொல்லல்ல. உம்மாக்கும் சொல்லல்ல. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மஹ்ரூப் சேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எத்தனையோ மேடைகளில் சொல்லுக்குச் சொல் எதிர்த்து நின்ற மனிதர் அவர்.

"தெரியா" என்றார். "எழுதக்குள்ள வந்திச்சு."

"பஸ்ஸுல இரிந்து பின்னால கிறுகிப் பாத்தீங்களா?"

"இல்ல. பாக்கல்ல." தலையை நிமிர்த்தாமலே, "பாத்திரிந்தா எழுத வேண்டி வந்திரிக்காது" என்றார்.

தலைவர் நல்ல அனுபவசாலி. மைத்துனர்மாரைக் கைகாட்டி இருக்கச் சொன்னார். பிறகு தணிந்த குரலில், "மஹ்ரூப் சேர், நான் ஒங்கள்ட்டக் கேக்கன். வாப்பா தண்ணியப் பத்தி என்ன சொன்னாரு?" என்றார்.

"காணி ரெண்டு, தண்ணி ஒண்டு எண்டு சொன்னாரு." இதைச் சொல்லிவிட்டு மஹ்ரூப் சேர் தலையை நிமிர்த்தினார். "ஆனா வரம்ப வெட்டுற முன்னுக்கு இவன் என்னட்ட வந்து கதைச்சிரிக்கணும். எனக்கு அதுவும் மெய்தான்."

"வந்திரிக்கணும்" என்றார் கலீல்.

அவர்கள் கட்டிப்பிடிக்கவில்லை. ஊரில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள், பொய். மேல்காணியின் ஓரத்தில் குழாய் பதித்துத் தண்ணீரை இறக்குவது, குத்தகைக்காரருக்கு ஏற்பட்ட நட்டத்தை இருவரும் பகிர்வது என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். வெளியே வந்து கலீல் என்னிடம், "நீங்க அவருக்கு எழுதப் படிப்பிக்கிற மிஸ்ஸா?" என்று கேட்டார். அவர் எனக்கு முன்னரே எழுதுகிறவர் என்று சொன்னேன். கலீல் தலையை ஆட்டினார். "இல்ல. அவர்ர கவிதையெல்லாம் நான் கேட்டிரிக்கன். இத மட்டும்தான் எழுதியிரிக்காரு."

முறைப்பாட்டை மஹ்ரூப் சேர் திரும்பப் பெறவில்லை. ஊருக்கு முன்னால் தன்னை நிறுத்தியது என் பயிற்சிதான் என்பதில் அவர் மாறவில்லை. அவருக்கு அதில் உரிமை இருந்தது. நான் மண்டபத்தில் ஒரு விதியைக் கூட்டினேன்: எழுதுகிற நாளில் போன்கள் வாசலில் ஒரு பெட்டிக்குள் இருக்கும், எழுதியவர் கையை விட்டு அவருடைய கடதாசி போகாது. வேறு எதையும் குறைக்கவில்லை. அடுத்த மாதமும் சண்டைதான், மற்றவரின் வாயால்தான்.

அதற்குப் பிறகு பணிப்பாளர் மீண்டும் கூப்பிட்டார். தட்டில் தொதல் இருந்தது.

"ஒங்கட நன்மைக்குத்தான் தங்கச்சி" என்று கடிதத்தைத் தந்தார். ஆலோசகர் வேலையிலிருந்து எடுத்து, ஒலுவிலுக்கும் அப்பால் ஒரு பாடசாலைக்கு என்னை வகுப்பாசிரியையாக அனுப்பியிருந்தார்கள். இரண்டு பஸ் ஏறிப் போகிற தூரம். "இப்பவும் மாதிரிக் கட்டுரையத் தொகுத்துத் தந்தீங்கெண்டா நான் மேல கதைச்சுப் பாப்பன்."

"பஸ்ஸுல போறதுக்கு எனக்கு விருப்பம் சேர்" என்றேன். "ஆக்கள் கதைக்கிறது கேக்கும்."

தொதலையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாதிரிக் கட்டுரைத் தொகுப்பை வேறொருவர் செய்தார். அது எல்லாப் பாடசாலைகளுக்கும் போனது. நான் போன பாடசாலைக்கும் வந்தது. அதிபர் என்னிடம் தந்தபோது வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். ஓய்வு பெறும் நாள்வரை என் வகுப்பில் யாரும் குடையாக இருக்கவில்லை. இதற்காக எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. போர்த்த வந்திருந்தால் ஏற்றிருக்கவும் மாட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு சிவமலர் டீச்சர் தன் வீட்டு முன்மண்டபத்தைத் தந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாண்டிருப்பில் கூடுகிறோம். அனுமதி கேட்க இப்போது யாரும் இல்லை. பழைய ஆசிரியர்கள் சிலர், ஒரு தாதி, கடை வைத்திருக்கும் ஒருவர். முதல் சனிக்கிழமை எல்லோருக்கும் கடதாசி கொடுத்துக்கொண்டிருந்தேன். கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. மஹ்ரூப் சேர் இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மிஸ், நான் ஒங்கள மன்னிக்கல்ல" என்றார். "இதச் சொல்லிப்போட்டுத்தான் உள்ளுக்கு வரணும் எண்டு வந்தன்."

"நான் மன்னிப்புக் கேக்கல்ல சேர்" என்றேன். "பேனை கொண்டுவந்தீங்களா?"